காமாலை இறங்கினாலும் கிருமி இறங்காது

கண் மஞ்சளித்தால் உடனே நினைவுக்கு வருவது கீழாநெல்லி. பாலக்காட்டுச் சித்தூரானாலும், இடுக்கி மலையில் தேவிகுளமானாலும், நம்மவர் வீடுகளில் அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது பழைய வழக்கம்.

விஞ்ஞானமும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ்-பி கிருமி உடலில் தங்கிவிட்டவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லி கொடுத்தனர். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினர். பின்னர் வெளிநாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பல காமாலைகள் தாமாகவே இறங்கிவிடும். பெயர் மட்டும் பச்சிலைக்கு. 'பி' கிருமியோ சிலரது ஈரலில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் குடியிருந்து, ஈரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் உண்டாக்கிவிடும்.

அதை அடக்கி வைக்கும் மாத்திரைகள் டெனோபோவிர், என்டெகாவிர். தினமும் சாப்பிட்டால் புற்றுநோய் அபாயம் குறைகிறது. புற்றுக்கட்டியை அறுத்தெடுத்தவர்களுக்கும் அது திரும்ப வரும் வாய்ப்பு குறைகிறது. உடம்பு தேறிவிட்டதென்று தாமே நிறுத்தினால் கிருமி மீண்டும் தலைதூக்கும்; உயிருக்கே ஆபத்தாகலாம்.

கிருமி உள்ள எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. அதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் ரத்தம் சோதித்து, கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். ஈரல் போனால் குடும்பம் தாங்காது.