தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும்: பிரவுசர் போடும் வேஷம்



மன்னவனூருக்கு இரண்டு சுழி, பண்ணைக்காட்டுக்கு மூன்று சுழி. நம்ம மலையிலேயே இருக்கிற இந்த ரெண்டு ஊர்ப் பெயரையும் கம்ப்யூட்டரில் 'லோஹித் தமிழ்' ஃபான்ட்டில் அடித்து, பொடி அளவில் போல்டு ஆக்கிப் பாருங்கள். சுழிகள் அடைத்துக்கொள்ளும். காரணம், அந்த ஃபான்ட்டில் போல்டு என்ற ஒன்றே கிடையாது!

பிறகு எப்படித் தடிக்கிறது? அங்கேதான் வேடிக்கை. ஸ்டைல் ஷீட்டில் 'ஃபான்ட்-வெயிட்: போல்டு' என்று எழுதினால் 700 என்று அர்த்தம். சாதாரண எழுத்து 400. பிரவுசர் கனமான எழுத்தைத் தேடும். கிடைக்காவிட்டால் சாதாரண எழுத்தையே எடுத்து, கோட்டின் இரு பக்கமும் பருமனாக்கிவிடும். கோடு பருத்தால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்குமில்லையா? எழுத்து வரைகிற கலைஞர் என்றால் எழுத்தையே கொஞ்சம் அகலப்படுத்தி அந்த வெள்ளையைக் காப்பாற்றுவார். பிரவுசருக்கு ஏது அந்தக் கண்!

சுழிதானே என்று விட்டுவிட முடியாது. 'பனி காரணமாக மலைப்பாதை அடைப்பு' என்பதும் 'பணி காரணமாக மலைப்பாதை அடைப்பு' என்பதும் ஒன்றா? நம்ம ஊரில் ரெண்டுமே நடக்கும். பனி என்றால் வெயில் ஏறியதும் கிளம்பலாம். பணி என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். சரளமாகப் படிப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் ஒவ்வொரு எழுத்தாகத்தான் போவார்கள். எங்க அப்பா அப்படித்தான். ஒரு சுழி அடைத்தால் அங்கேயே நின்றுவிடுவார்.

இட்டாலிக் கதை வேறு. 1501-ல் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகக்காரர் கையெழுத்து மாதிரியான எழுத்தில் புத்தகம் போட்டார். அதுதான் தொடக்கம். அது வெறும் சாய்வு அல்ல. இங்கிலீஷின் சின்ன 'ஏ' எழுத்துக்கு உருவமே மாறும். தமிழ் அச்சில் இந்த வழக்கம் வேரூன்றவே இல்லை. ஃபான்ட்டில் இட்டாலிக் இல்லாவிட்டால் பிரவுசர் நிமிர்ந்த எழுத்தையே 14 டிகிரி அளவுக்குத் தள்ளிவிடும். கணக்குப் போட்டால், 20 பிக்சல் உயரத்தில் இருக்கிற மெய்யெழுத்துப் புள்ளி 5 பிக்சல் வலப்பக்கம் நகரும். 'ட', 'ப' எல்லாம் மழையில் சரிந்த சுவர்தான்.

தாவரப் பெயர்களை இட்டாலிக்கில் போடுவது அறிவியல் வழக்கம். 2018-ல் நம்ம மலையில் பூத்த குறிஞ்சியின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அப்படிப் போடுவது சரி. 'ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா' என்று தமிழில் எழுதிவிட்டு அதையும் ஏன் சாய்க்க வேண்டும்? மேற்கோள் குறி போதாதா?

இதைத் தடுக்க ஸ்டைல் ஷீட்டில் ஒரே வரி: 'ஃபான்ட்-சிந்தசிஸ்: நன்'. (கம்ப்யூட்டரில் இங்கிலீஷில்தான் அடிக்க வேண்டும்!) ஃபயர்ஃபாக்ஸில் இது 2014-லேயே வந்துவிட்டது, குரோமில் 2022-ல்தான் வந்தது. பக்கத்தில் மொழியைத் தமிழ் என்று குறித்திருந்தால், தமிழுக்கு மட்டும் இந்த வரி பொருந்தும்படி செய்யலாம். போலி வேஷம் மட்டும்தான் நிற்கும். உண்மையான போல்டு, இட்டாலிக் இருக்கிற ஃபான்ட் வழக்கம்போலத் தெரியும்.

அப்படியானால் தலைப்புக்கு என்ன செய்வது? தடித்த எழுத்தைத் தனியாக வரைந்து வைத்திருக்கிற ஃபான்ட்டை எடுங்கள். 'கட்டமரான்' 9 எடைகளில், 'முக்தா மலர்' 7 எடைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'நோட்டோ செரிஃப் தமிழ்' சாய்வெழுத்தும் வைத்திருக்கிறது. எனக்கென்னவோ அதுவும் தேவைப்படவில்லை.

இன்னொன்று. போல்டு ஃபைலை இணைக்கும்போது அதன் எடை 700 என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் பிரவுசர் அதைச் சாதாரண எழுத்து என்று நம்பி, தடித்ததையே மறுபடி தடிக்க வைக்கும். அப்புறம் பண்ணைக்காட்டுக்கு மூன்று சுழியா, ரெண்டு சுழியா என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் எண்ண வேண்டும்.