சத்தத்தைச் சத்தத்தால் அடக்கும் கருவி!

சிறிய விமானங்கள் பலவற்றில் என்ஜின் விமானிக்கு நேர் முன்னால் இருக்கிறது. இரைச்சல் 90 டெசிபலைத் தொடும். வருடக்கணக்கில் கேட்டால் காது மந்தமாகிவிடும். போன காது திரும்பி வராது!

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ். தந்தை கல்கத்தாக்காரர். 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சல்தான் கேட்டது. இறங்குவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்! விமானிகளுக்கான ஹெட்செட் 1989-ல் விற்பனைக்கு வந்தது.

அதனுள் இருக்கும் சிறிய மைக் இரைச்சலைக் கேட்கிறது. உடனே கருவி அதற்கு நேர் எதிரான ஒலி அலையை எழுப்புகிறது. மேட்டு மண்ணைப் பள்ளத்தில் தள்ளினால் தரை சமமாகிறதல்லவா? அதுபோலத்தான்.

ஆனால் 'கும்' என்ற கனத்த ஓசைதான் இப்படி அடங்கும். கீச்சுச் சத்தத்தைத் தடுப்பது காதைச் சுற்றி அழுந்தும் மெத்தையே. ஆகவே வாங்குகிறவர் முதலில் மெத்தையைப் பார்க்கவேண்டும். மூக்குக் கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு மாட்டிப் பார்க்கவேண்டும். அதன் காம்பு ஓரமாகச் சத்தம் புகுந்துவிடும்! கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்தால் போதாது. நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு மணி நேரம் பறக்கலாம். தலை வலித்தால், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் வேண்டாம்.

நடுவானில் பாட்டரி தீர்ந்தால்? நல்ல ஹெட்செட்டில் தரையிலிருந்து பேசுவது அப்போதும் கேட்கும். இரைச்சலும் கூடவே வந்துவிடும். சட்டைப் பையில் மாற்றுப் பாட்டரி இருக்கட்டும்!