பொத்தானை அழுத்தினால் யார் வருவார்?

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கவும் களை எடுக்கவும் செல்லும் பெண்கள், தூக்குவாளியும் கையுமாக ஏறிக்கொள்கிறார்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி ஜில்லா. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பல திசைகளில் பிரிந்து போகிறார்கள். வீடு திரும்ப அந்தியாகிவிடும்.

அதுவரை வீட்டில் இருப்பது யார்? பேரப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால், அப்பத்தா ஒருத்திதான்!

வசதி படைத்த வீடுகளிலும் இதே கதைதான். மகன் சென்னையில், மகள் துபாயில். மாதம் தவறாமல் பணம் வருகிறது. தினமும் போனும் வருகிறது. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லை.

அந்த அப்பத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தால்?

விழுந்த பின்...

உலகத்தில் ஆண்டுதோறும் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் அதிகம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

எலும்பு முறிவது மட்டும் ஆபத்து அல்ல. எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதும் பெரிய ஆபத்து. உடம்பில் நீர் வற்றுகிறது. அழுந்திய இடத்தில் புண் உண்டாகிறது. நசுங்கிய தசையிலிருந்து கசியும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. எலும்பு முறியாதவர்கூட இதனால் இறந்துபோவது உண்டு.

இதற்காகத்தான் அபாய மணி வந்தது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1974-ல் 'லைஃப்லைன்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். கழுத்திலோ மணிக்கட்டிலோ ஒரு சிறு பொத்தான். அழுத்தினால், வீட்டில் உள்ள பெட்டி டெலிபோன் மூலம் உதவிக்கு ஆள் அழைக்கும். இப்போது சிம் கார்டு பொருத்திய பொத்தான்கள் வந்துவிட்டன. விழுந்ததைத் தானே உணரும் கைக்கடிகாரமும் வந்துவிட்டது. 2018-ல் ஆப்பிள் கம்பெனி அப்படி ஒன்றை வெளியிட்டது. விழுந்தவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால், அதுவே போன் செய்துவிடும்.

அற்புதமான யந்திரந்தான். ஆனால் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா?

மணி இருந்தும் அடிக்கவில்லை!

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில், தொண்ணூறு வயதைக் கடந்த 110 பேரை ஓராண்டு கவனித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அபாய மணி கையருகே இருந்தும், விழுந்து வெகுநேரம் கிடந்தவர்கள் பெரும்பாலான சமயங்களில் அதை உபயோகிக்கவில்லை. "நானே எழுந்துவிடுவேன்" என்ற ரோஷம் ஒரு காரணம்.

நம் ஊரில் இன்னும் ஒன்று உண்டு. "வேலைக்குப் போன பிள்ளையை எதற்குப் பதற வைக்க வேண்டும்?" என்ற தயவு. கணவரை இழந்து, கழுத்தில் இருந்ததைக் கழற்றிவிட்ட தாய், மறுபடியும் கழுத்தில் ஒரு கயிறா என்று கூசவும் கூடும். அவளுக்கு மணிக்கட்டில் கட்டுவதே நல்லது. எது பிடிக்கும் என்று முதலில் அவளையே கேளுங்கள். கேட்காமல் வாங்கியது பீரோவில்தான் தூங்கும்.

தண்ணீர் பட்டால் கெடுமா என்பதையும் கடையில் விசாரியுங்கள். குளிக்கும்போது கழற்றி வைக்க வேண்டிய கருவி, வேண்டிய நேரத்தில் உதவாது. மற்றவர் வீட்டில் இல்லாத பகலில் சார்ஜ் தீராமல் இருக்க, இரவில் மகள் பக்கத்தில் இருக்கும்போது சார்ஜ் ஏற்றிவிடலாம்.

முதல் நம்பர் யாருடையது?

இதுதான் முக்கியமான கேள்வி. பாசத்தால் எல்லோரும் முதலில் மகனுடைய நம்பரையே பதிவு செய்கிறார்கள். 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் என்ன செய்வார்? 2023 ஜூனில் சென்னை ரயில் போடிவரை வந்துவிட்டது, உண்மைதான். அதற்காக ரயிலேறி வந்தா தாயைத் தூக்குவது? மலைத் தோட்டத்தில் நிற்கும் மகளுக்கோ, மலை குறுக்கே மறைத்தால் போனே எட்டாது.

ஆகவே முதல் நம்பர் அடுத்த வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். பகலில் வீட்டில் இருப்பவராக அவர் இருக்க வேண்டும். இரண்டாவது, தெருக்கோடிக் கடைக்காரர். மகனும் மகளும் பிறகு. ஓடி வந்தவர் 108-ஐ அழைக்கட்டும். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் இலவச ஆம்புலன்ஸ் அது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது; அது யோசனைக்கும் ஆதரவுக்கும் உரியது, ஆம்புலன்ஸ் வராது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் மலை மடிப்பில் வீடு இருந்தால், டவர் எட்டுகிறதா என்று வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் பார்த்த பிறகே காசைச் செலவிடுங்கள். எட்டாவிட்டால் கழுத்தில் ஒரு விசிலும், நண்பகலில் ஒரு தடவை எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் போதும். சொல்லப்போனால், டவர் உள்ள வீட்டுக்கும் அந்தப் பெண் வேண்டும்.

தாழ்ப்பாள்

ஓடி வந்தவர் உள்ளே நுழைவது எப்படி? தனியே இருக்கும் முதியவர்கள் திருட்டுப் பயத்தால் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறார்கள். பொத்தானும் வேலை செய்து, ஆளும் வந்து, கடைசியில் கதவை உடைக்க வேண்டியிருந்தால்? வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தி, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள். குளியலறையின் உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கதவுக்கு முன்னால் ஒரு திரை கட்டிவிடலாம். அம்மாவுக்குக் கூச்சமும் இராது.