பிள்ளை கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறானா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

 

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் நம் வாலிகண்டபுரத்தில் பல வீடுகளில் எழும் கோரிக்கை இது: "அத்தா, எனக்கு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும்." அத்தா குவைத்திலோ துபாயிலோ இருப்பார். பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியல் அவருக்கும் புரியாது, வீட்டில் அம்மாவுக்கும் புரியாது. கடைசியில் கடைக்காரர் சொல்வதே முடிவாகிவிடுகிறது.

அண்மையில் ஒரு தாய் நம்மிடம் வந்து வருந்தினார். சீட்டு எடுத்த பணத்தில் 28 ஆயிரம் கொடுத்து, "ஐ7, 16 ஜிபி ராம், கேமிங் செட்" என்று சொல்லப்பட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மகனுக்கு வாங்கியிருக்கிறார். ஐ7 என்பது உண்மைதான். ஆனால் அது 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ7. மகன் ஆசைப்பட்ட விளையாட்டு அதில் ஓடவில்லை. பில்லும் கிடையாது, திருப்பிக் கொடுக்க வழியில்லை. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பெயரைப் பார்க்காமல் தலைமுறையைப் பாருங்கள்

ஐ5, ஐ7 என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இந்த ஐ5 அந்த ஐ7ஐ விடப் பல மடங்கு வேகமானது.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, பெரும்பாலும் அதற்கு மேல்தான் முறையான அனுமதி உண்டு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். எனவே செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் இந்த எல்லைக்குக் கீழே எதையும் தொடாதீர்கள்.

பணத்தை எதில் போடுவது?

விளையாட்டுக்கு உயிர் கிராபிக்ஸ் கார்டு. மானிட்டரை விட்டுவிட்டு, மீதிப் பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகலாம். ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கும், கவனம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. 6 ஜிபி கார்டில் நினைவகம் மட்டுமல்ல, வேகமும் குறைவு. 

பிராசஸருக்கு ஆறு கோர் போதும். இன்டெல் ஐ5-12400எஃப் நடுத்தரப் பட்ஜெட்டுக்கு ஏற்றது. கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது.

ராம் 16 ஜிபி வேண்டும். ஒரே 16ஐ விட இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் வேகம் கூடும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன விலையை நம்பிக் கிளம்பாதீர்கள்.

எஸ்எஸ்டி குறைந்தது 500 ஜிபி. மானிட்டர் 24 அங்குல ஃபுல் எச்டி போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு பழுதானால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை உள்ள 550 வாட் இத்தகைய கம்ப்யூட்டருக்குப் பொருந்தும். கலர் லைட், கண்ணாடிக் கேபினட் ஆகியவற்றால் விளையாட்டு ஒரு துளியும் வேகமாகாது. அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸிலும் யுபிஎஸ்ஸிலும் போடுங்கள். நம் ஊர் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். விளையாடும்போது இந்தக் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 250 முதல் 300 வாட் வரை இழுக்கலாம். சாதாரண 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 1000 விஏ வாங்குவது நல்லது. தினம் மூன்று மணி நேரம் 300 வாட்டில் ஓடினால் இரண்டு மாத மின் கணக்கில் 54 யூனிட் கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடனைத் தவணையாக்காமல் கம்ப்யூட்டரைத் தவணையாக்குங்கள்

"நோ காஸ்ட் இஎம்ஐ, வட்டியே இல்லை" என்பார்கள். பெரும்பாலும் அதில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்து மறைக்கிறார்கள், அவ்வளவுதான். கார்டு பில்லில் வட்டி தனி வரியாகவே வரும். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வரும். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் நம் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நல்ல மாற்று வழி உண்டு. டெஸ்க்டாப்பைப் பகுதி பகுதியாக வாங்கலாம். லேப்டாப்பில் இது முடியாது. ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இப்போது அதையும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸையும் வாங்கினால் கல்லூரிப் படிப்பு, கோடிங், மைன்கிராப்ட், வேலரண்ட் போன்றவற்றைக் குறைந்த செட்டிங்கில் நடத்திக்கொள்ளலாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கையில் பணம் சேர்ந்ததும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். வட்டியும் இல்லை, போட்ட பணமும் வீணில்லை.

எங்கே, எப்படி வாங்குவது?

பெரம்பலூர், திருச்சி, சென்னை ரிச்சி தெரு என மூன்று இடத்தில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் மாடல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். "16 ஜிபி ராம், 2 ஜிபி கார்டு" என்று பொதுவாக எழுதித் தந்தால் அந்தக் கடை வேண்டாம். சில நூறு ரூபாய் குறைகிறது என்று ஜிஎஸ்டி பில்லை விட்டுவிடாதீர்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பெட்டிகளைப் பத்திரப்படுத்துங்கள்.

துபாயிலிருந்து கார்டு கொண்டுவர நினைக்கும் அத்தாமார்களுக்கு: 18 வயதான பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். கிராபிக்ஸ் கார்டுக்கு அந்தத் தனிச் சலுகை இல்லை. அங்கே வாங்கிய பொருளுக்கு இங்கே வாரண்டி உண்டா என்றும் முதலில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கம்ப்யூட்டரைத் தனி அறையில் வைக்காமல் ஹாலில் வையுங்கள். பாங்கு சொன்னால் விளையாட்டு நிற்கும், இஷாவுக்குப் பின் இவ்வளவு நேரம்தான் என்ற உடன்பாட்டை, வாங்கும் முன்பே பிள்ளையிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் பக்கமே போகக் கூடாது. மார்க்கம் சூதாட்டத்தைத் தடுத்துள்ளது. நாட்டிலும் 2025 ஆகஸ்டில் அவற்றுக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது.

பிள்ளையின் ஆசையை அடியோடு மறுக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொட்டவும் வேண்டாம். கொட்டேஷனை வாங்கிக்கொண்டு பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள். பாலைவன வெயிலில் அத்தா சம்பாதித்த பணம் எப்படிச் செலவாகிறது என்பதை அவன் அப்போதே கற்றுக்கொள்வான், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், வீண்விரயம் இல்லாத வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.