பாளையங்கோட்டையிலிருந்து தோர்ணக்கல்லுக்கு

எங்கள் மணவூரில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும். மொழி தாண்டுவதை இங்கே யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் 1903இல் ஊழியத்துக்கென ஒரு சங்கம் தொடங்கப் பாளையங்கோட்டையில் கூடிய தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது பெரிய துணிச்சல்.

அதற்கு முன் கிறிஸ்தவ ஊழியம் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1877இல் டெல்லிக்கும், ஆக்ஸ்போர்டார் 1880இல் கல்கத்தாவுக்கும் ஆள் அனுப்பினார்கள். பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கமோ நம்மவர் பணத்தில், நம்மவர் பொறுப்பில் நடந்தது. அதை முன்னின்று தொடங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா அப்போது குருவானவர்கூட இல்லை, ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். முந்தைய ஆண்டு யாழ்ப்பாணம் போனவர், அங்குள்ள தமிழ்ச் சபையார் தாங்களே ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்து, நம்மால் ஏன் முடியாது என்று கேட்டுக்கொண்டே திரும்பியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: பட்டம் பெற்ற குருமார் அல்ல, சாதாரண சபையார் எழுந்து நின்றது.

சங்கம் தேர்ந்த இடம் நிஜாம் ராஜ்ஜியத்துத் தோர்ணக்கல். திருநெல்வேலியிலிருந்து போனவர்கள் தெலுங்கு கற்றார்கள். தென்மாவட்டப் பெண்கள் உலை வைக்கும்போது ஒதுக்கிய பிடியரிசியும் இத்தகைய ஊழியங்களைத் தாங்கியது. அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லாதது எனக்கு வருத்தமே.

அசரியா 1909இல் குருப்பட்டம் பெற்றார். 1912 டிசம்பரில், கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக, தோர்ணக்கல்லுக்கே அபிஷேகம் செய்யப்பட்டார்.