மகொமெரோவுக்கு மீண்டவர்கள்: ஓர் ஆற்றங்கரைச் சமூகமும் மிஷன் பணியும்

கிறித்தவ மிஷன்களின் பணி பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் இரு நிலைப்பட்டனவாக உள்ளன. கல்வியும் அச்சும் மருத்துவமும் நல்கிய பேருபகாரம் என அதனைப் போற்றுவது ஒன்று. ஏகாதிபத்தியத்தின் முன்னோடி என ஒதுக்குவது மற்றொன்று. இவ்விரு நோக்குகளும் மிஷனரியையே நடுநாயகமாக்கி, அவர் சென்ற ஊரின் மக்களைப் பின்னணிக்குத் தள்ளிவிடுகின்றன. மிஷன் விட்டகன்ற இடத்துக்கு ஒரு தலைமுறை கழித்து மீண்டவர் யாவர், எதன்பொருட்டு மீண்டனர் என வினவும்போதே அப்பணியின் சமூக உள்ளடக்கம் துலங்கும். இதற்கு மலாவியின் தென்பகுதியிலுள்ள மகொமெரோ தக்க சான்றாகும்.

மகொமெரோ, ஷிரே உயர்நிலத்தில் நமாட்ஸி என்னும் சிற்றாற்றின் வளைவில் அமைந்த ஊர். 1857இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் லிவிங்ஸ்ரன் ஆற்றிய உரையின் விளைவாகத் தோன்றிய பல்கலைக்கழகங்களின் மிஷன், பேராயர் மக்கென்சியின் தலைமையில் 1861இல் அங்கு குடியேறியது. வழியில் அடிமை வணிகரிடமிருந்து மீட்கப்பட்ட எண்பதுக்கு மேற்பட்டோரே மிஷனின் முதற் குடிகளாயினர். அவ்வட்டாரத்து மங்கஞ்சா மக்கள் பயிர்த்தொழிலோடு இரும்புருக்கலும் பருத்தி நெசவும் அறிந்தவர்கள். லிவிங்ஸ்ரனே இதனைப் பதிவு செய்துள்ளார். எனவே மிஷன் சென்றடைந்தது வரலாறற்ற வெறுங்காட்டை அன்று; அடிமை வணிகத்தாற் குலைந்துகொண்டிருந்த ஓர் உற்பத்திச் சமூகத்தையே ஆகும்.

அம்முயற்சி நிலைக்கவில்லை. மிஷனரிமார் யாவோ மக்களுக்கு எதிரான சண்டைகளில் இறங்கி ஊர்களை எரித்தனர். 1862 சனவரி 31இல் பேராயர் மக்கென்சி காய்ச்சலால் இறந்தார். எஞ்சியோர் அவ்வாண்டிலேயே மகொமெரோவைக் கைவிட்டு ஷிரே ஆற்றங்கரைக்கு இறங்கினர். வறட்சியும் பஞ்சமும் தொடரவே, மிஷன் ஈற்றில் சான்சிபாருக்குப் பெயர்ந்தது. மங்கஞ்சாக் குடிகளோ பஞ்சத்தாலும் அடிமை வேட்டையாலும் சிதறுண்டனர்.

மகொமெரோவுக்கு அடுத்து வந்தது மிஷன் அன்று, நிலவுடைமையே வந்தது. 1891இல் அப்பகுதி பிரித்தானியப் பாதுகாப்பிற்குட்பட்டது. லிவிங்ஸ்ரனின் மகள் அக்னெசை மணந்த எடின்பரோ மதுவடி வணிகர் அலெக்சாந்தர் லோ புரூஸ், ஏறத்தாழ 160,000 ஏக்கர் நிலத்தை உடைமையாக்கினார். அவர் 1893இல் இறந்தபின் அது லிவிங்ஸ்ரனின் பேரர்களைச் சேர்ந்தது. முதலிற் கோப்பியும், பின்னர்ப் பருத்தியும் புகையிலையும் அங்கு பயிரிடப்பட்டன. தோட்டத்தின் தலைமையிடம் மகொமெரோ. மிஷனின் நினைவைத் தாங்கிய பெயரே தோட்டத்தின் பெயருமாயிற்று.

தோட்டத்துக்கு வேண்டிய உழைப்பு எவ்வாறு பெறப்பட்டது என்பது இங்கு முதன்மையான வினாவாகும். மொசாம்பிக்கிலிருந்து பெயர்ந்துவந்த லொம்வே மக்கள் தோட்டக்காணியிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் குடியிருப்புக்கான வாடகையைப் பணமாகவன்றி உழைப்பாகச் செலுத்த வேண்டியவராயினர். இம்முறை ‘தங்காத்தா’ எனப்பட்டது. குடிசை வரிக்கும் உழைப்பே ஈடாயிற்று. மழைக்காலத்தில், தம் சொந்தப் பயிரைப் பேண வேண்டிய வேளையில், அவர்கள் தோட்டத்துப் பயிரைப் பேணினர்.

‘தங்காத்தா’ என்னும் சொல்லின் பழம்பொருள் ‘உதவி’ என்பதாகும். உறவினரும் அயலவரும் ஒருவர்க்கொருவர் ஆற்றிய துணையைச் சுட்டிய சொல், நிலம் தனியுடைமையானதும் கட்டாய உழைப்பின் பெயராயிற்று. நமக்கும் இது புதிதன்று. ஒல்லாந்தர் கால இலங்கையில் ‘ஊழியம்’ என்பது அரசுக்குச் செய்ய வேண்டிய கட்டாய வேலையைக் குறித்தது. கிறித்தவத் தமிழில் அதே சொல் இறைபணியைக் குறிக்கின்றது. சொற்பொருள் மாற்றம் மொழிக்குள் மட்டும் நிகழ்வதன்று. உற்பத்தி உறவுகளின் மாற்றம் அதில் தடம் பதிக்கின்றது.

இந்நிலத்துக்கு மிஷன் மீண்டும் வந்தபோது, அதனைக் கொணர்ந்தவர் ஓர் ஆபிரிக்கரே. யோன் சிலெம்புவே, யோசெப் பூத் என்னும் மிஷனரியின் தொடர்பால் 1897இல் அமெரிக்கா சென்று, கறுப்பின மக்களின் இறையியற் கல்லூரியிற் பயின்று, 1900இல் மீண்டு சிராட்சுலுப் பகுதியில் மிஷன் ஒன்றை நிறுவினார். தோட்டக் குடிகளிடையே அவருடைய கோவில்களும் பாடசாலைகளும் எழுந்தன. தோட்ட முகாமையாளர் வில்லியம் ஜேர்விஸ் லிவிங்ஸ்ரன் அவற்றுட் சிலவற்றை எரிப்பித்தார். வேதத்தைப் பரப்பவென வந்தவரின் பெயரால் அறியப்பட்ட நிலத்தில் வேதம் படிக்கும் கூடம் எரிந்தமை வெறும் முரண்நகையன்று. எழுத்தறிந்த குடியானவன் கட்டாய உழைப்புக்கு இடையூறாவான் என்பதைத் தோட்டம் உணர்ந்திருந்தது.

1914இல் ஆபிரிக்கர் பிறருடைய போரில் மடிவதனைக் கண்டித்துச் சிலெம்புவே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1915 சனவரி 23 இரவு கிளர்ச்சி வெடித்தது, முகாமையாளர் கொல்லப்பட்டார். பெப்ரவரி 3இல் சிலெம்புவே சுடப்பட்டார். அவருடைய பெருங்கோவிலை அரசு வெடிவைத்துத் தகர்த்தது. எனினும் பின்னர் அமைக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழு, தோட்டத்தின் உழைப்புமுறையைக் கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்றாக ஏற்கவே நேர்ந்தது.

இக்கிளர்ச்சியை மிகைப்படுத்தலும் ஆகாது. அதன் தலைமையில் மிஷன் கல்வி பெற்ற சிறு நிலவுடைமையாளரும் வணிகரும் இருந்தனர்; அவர்களின் முன்னேற்றத்தைக் குடியேற்ற ஆட்சி தடுத்தது. குடியானவர் பரந்த அளவில் எழவில்லை. வர்க்க நலன்கள் முழுமையாக ஒன்றிணையாத நிலையில் இரு வாரங்களுக்குள் அது ஒடுங்கிற்று. ஆயினும் அதன் கோரிக்கை ஒடுங்கவில்லை. சிலெம்புவேயின் மிஷன் 1926இல் மீளத் திறக்கப்பட்டது. தங்காத்தா முறை 1962இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது; 1964இல் நாடு விடுதலை பெற்றது. இன்று சனவரி 15 சிலெம்புவே நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

மகொமெரோவின் வரலாறு உணர்த்துவது யாது? மிஷன் கற்பித்த எழுத்து தன்னளவில் விடுதலைக் கருவியுமன்று, அடிமைக் கருவியுமன்று. நிலம் எவர் கையில் உள்ளது, உழைப்பு எவ்வாறு பறிக்கப்படுகின்றது என்பவையே அவ்வெழுத்தின் பயனைத் தீர்மானிக்கின்றன. ஒரே வேதநூலைத் தோட்டத்துரையும் குடியானவனும் படித்தனர். எனினும் அவர்கள் அதில் ஒரே செய்தியைக் கண்டிலர். நம் நாட்டு மிஷன் வரலாற்றை ஆராய்வோரும் பாடசாலைகளின் எண்ணிக்கையோடு அமையாது, அப்பாடசாலைகள் நின்ற காணிகளின் உறுதிகளையும் தேடிப் படித்தல் வேண்டும்.