தனியே சைக்கிளில் போன பிள்ளை எங்கே நிற்கிறது?

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் சைக்கிளின் அருமையை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் ஆசுபத்திரிக்கும் சைக்கிள்தான். பாரில் ஒரு பிள்ளை, கரியரில் ஒரு பிள்ளை என்று வைத்து உழக்கினோம். இரவானதும் அதே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிப் பெட்டியை இயக்கி பி.பி.சி. தமிழோசை கேட்டோம்.

அந்த நாட்களில் சைக்கிளில் போன பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. "உங்கட மூத்தவன் இப்பத்தான் சந்தியால திரும்பினவன்" என்று சைக்கிள் கடைக்காரர் சொல்வார். விழுந்து எழும்ப முடியாமற் கிடந்தால், தூக்கிவிடுபவருக்கு அது யாருடைய பிள்ளை, எந்த ஒழுங்கை, எந்தப் படலை என்பதெல்லாம் தெரிந்திருக்கும். ஷெல்லுக்குப் பயந்தோம், விமானத்துக்குப் பயந்தோம். விழுந்த பிள்ளை கேட்பாரற்றுக் கிடக்கும் என்று பயந்ததில்லை.

ஹரோவில் நிலைமை வேறு. நோத்தோல்ட் றோட்டிலும் ரெய்னர்ஸ் லேனிலும் எம்மவர் கடைகள் எத்தனை இருந்தாலும், அங்கிருந்து இரண்டு மைல் உழக்கினால் எம்மை யாரென்று அறிந்த ஒருவரும் இல்லை. ஹரோ வீல்டைத் தாண்டி ஓல்ட் ரெடிங் பக்கம் ஏறினால் மரங்கள் அடர்ந்த பாதை. அதற்கப்பால் ஹேர்ட்ஃபோட்ஷயர், சில்ரேர்ன் குன்றுகள், தெருவிளக்கில்லாத ஒடுங்கிய றோட்டுகள். மார்கழியில் பிற்பகல் 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹரோ மலையின் குரோவ் ஹில் இறக்கத்தில் ஒரு நினைவுத் தகடு உண்டு. பிரித்தானியாவில் மோட்டார் வண்டிச் சாரதி ஒருவர் உயிரிழந்த முதலாவது விபத்து 1899 பெப்ரவரி 25 இல் அங்குதான் நிகழ்ந்தது என்பதை அது நினைவூட்டுகிறது. இறக்கம் மாறவில்லை, வாகனங்கள்தான் பெருகிவிட்டன.

எம் பிள்ளைகள் பலர் இன்று பஸ் காசை மிச்சம் பிடிக்கவும், வேலைக்குப் போகவும், உடற்பயிற்சிக்காகவும் தனியே சைக்கிளில் போகிறார்கள். நல்ல விடயந்தான். ஆனால் ஊரில் சந்தி செய்த காவலை இங்கு யார் செய்வது?

சூரிச் நகரில் நடந்தது

எம்மவர் பெருமளவில் வாழும் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் 2024 செப்டெம்பரில் உலக சைக்கிள் சம்பியன் போட்டிகள் நடைபெற்றன. 26 ஆம் திகதி, மழை பெய்துகொண்டிருக்க, இளம் பெண்களுக்கான போட்டியில் அந்நாட்டின் 18 வயது வீராங்கனை மியூரியல் ஃபியூரர் காட்டுப் பகுதியொன்றில் விழுந்து தலையிற் படுகாயமடைந்தார். அவர் விழுந்ததை உடனே எவரும் அறியவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக அவர் எவர் கண்ணிலும் படாமற் கிடந்தார் என்று செய்திகள் கூறின. ஹெலிகொப்டரில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் மறுநாள் உயிரிழந்தார்.

வைத்தியர்களும் அதிகாரிகளும் காவலர்களும் நிறைந்த உலகப் போட்டி அது. ஆனால் ஓடியவர் எங்கே நிற்கிறார் என்று காட்டும் கருவி அவரிடம் இருக்கவில்லை. மறு ஆண்டு, 2025 இல், ருவாண்டாவின் கிகாலி நகரில் நடந்த உலகப் போட்டியில் ஓடியவர்கள் எல்லோருக்கும் இடங்காட்டும் கருவி பொருத்தப்பட்டது. ஓர் உயிர் போன பின்னரே அந்த ஏற்பாடு வந்தது.

உலகப் போட்டியிலேயே இப்படியென்றால், வேலை முடிந்து தனியே வரும் எங்கள் பிள்ளையின் நிலை என்ன?

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில்

எமக்கு நெருங்கிய குடும்பமொன்றின் மகன், ஈர இலைகளில் ரயர் வழுக்கி விழுந்து நினைவிழந்தார். வழியால் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அம்புலன்சை அழைத்துத் தன் மேலங்கியால் போர்த்தியும் விட்டார். ஆனால் தம்பியின் தொலைபேசி பூட்டியிருந்தது. சட்டைப் பையில் பெயரெழுதிய ஒரு துண்டும் இல்லை. பிள்ளைக்கு நினைவு திரும்பித் தாயாரின் இலக்கத்தைச் சொல்லும்வரை நான்கு மணித்தியாலம் சென்றது. அந்த நான்கு மணித்தியாலமும் தாய் யன்னலடியில் நின்றார். எந்த றோட்டால் வருகிறவன் என்பதே அவருக்குத் தெரியாது. எங்கே போய்த் தேடுவது?

பிள்ளை இன்று நலம். ஆனால் அன்றிரவு அந்த வீட்டில் இருந்த நாம், ஐந்து நிமிட வேலையால் தவிர்க்கக்கூடிய துன்பம் அது என்பதை உணர்ந்தோம். அந்த ஐந்து நிமிட வேலையைத்தான் கீழே எழுதுகிறோம்.

கருவி என்ன செய்கிறது, என்ன செய்யாது

தொலைபேசியில் உள்ள ஜீ.பி.எஸ். வானத்துச் செய்மதிகளின் சமிக்ஞையைக் கேட்டுத் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. அது கேட்கும் காது மட்டுமே. பேசும் வாய் அல்ல. கணித்த இடத்தை வீட்டுக்கு அனுப்புவதற்குத் தொலைபேசிச் சேவையும் இணைய வசதியும் வேண்டும். ஆகவே சேவை கிடைக்காத பள்ளத்தாக்கில் வரைபடத்தில் நகரும் புள்ளி நின்றுவிடும். புள்ளி நின்றால் பிள்ளை விழுந்துவிட்டது என்பதல்ல பொருள். ஆனால் கடைசியாக எங்கே, எத்தனை மணிக்கு நின்றது என்பது தெரிந்துவிடுகிறது. தேடுபவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

இதற்கென்று விலை கூடிய பொருள் வாங்கத் தேவையில்லை. ஊருக்குக் கதைக்க எல்லோரும் வைத்திருக்கும் வட்ஸ்அப்பில் 2017 முதல் இவ்வசதி உண்டு. தாயின் அல்லது தமையனின் பக்கத்தைத் திறந்து, இணைப்புக் குறியை அழுத்தி, "லொக்கேசன்" என்பதில் "லைவ் லொக்கேசன்" என்பதைத் தெரிவு செய்தால், 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்று கால அளவுகள் வரும். நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். ஸ்ராவா போன்ற சைக்கிள் செயலிகளிலும், கார்மின் போன்ற கருவிகளிலும் இதே வசதி உண்டு. விழுந்ததை உணர்ந்து தானே வீட்டுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளும் கைக்கடிகாரங்களும் வந்துள்ளன. சில வேளை விழாமலே விழுந்ததாகவும் சொல்லும். எதை நம்பினாலும் புறப்படும் முன் பற்றரி நிறைந்திருக்க வேண்டும். குளிரில் அது விரைவாக இறங்கும்.

பூட்டிய தொலைபேசியும் பேசவேண்டும்

2005 இல் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி அம்புலன்ஸ் ஊழியர் பொப் புரொட்சி, அவசர வேளையில் அழைக்கவேண்டிய இலக்கத்தை "ஐஸ்" என்ற பெயரில் தொலைபேசியிற் பதிந்து வைக்கும்படி மக்களுக்குச் சொன்னார். இன்று அதனிலும் நல்ல வழி உண்டு. ஐபோனில் "மெடிக்கல் ஐடி", ஏனையவற்றில் "எமேர்ஜென்சி இன்ஃபமேசன்" என்ற பகுதியில் பெயர், மருந்து ஒவ்வாமை, நோய்கள், உறவினரின் இலக்கம் ஆகியவற்றை நிரப்பி, பூட்டிய நிலையிலும் காட்டும்படி செய்யவேண்டும். அதன்பின் வழிப்போக்கர் ஒருவர் திறப்பு இலக்கம் தெரியாமலே "எமேர்ஜென்சி" என்பதைத் தொட்டு உங்களை அழைக்கலாம்.

இலக்கத்தை "அம்மா" என்று மட்டும் பதியாமல், "மதர்" என்றும் சேர்த்து எழுதுங்கள். எடுத்து வாசிப்பவருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளையின் பெயரை ஜீ.பி.யிடம் பதிந்தபடியே எழுதுங்கள். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறினால் வைத்தியசாலைப் பதிவுகளில் ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். இவற்றையே ஒரு காகிதத் துண்டில் எழுதிப் பிளாஸ்ரிக் உறையிலிட்டுச் சட்டைப் பையில் வைப்பதும் நன்று. காகிதத்துக்குப் பற்றரி வேண்டாம்.

காவலா, வேவா?

இந்த இடத்தில் இளையவர்கள் முகம் சுளிப்பார்கள். "எங்களை வேவு பார்க்கப் போறீங்களா?" என்று கேட்பார்கள். அக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. சுற்றிவளைப்பையும் தலையாட்டிகளையும் கண்ட சமூகம் நாம். எங்கே போகிறாய், யாரைக் கண்டாய் என்று கேட்கப்படுவதன் வேதனையை அறிவோம். அதேவேளை காணாமற் போனவர்களின் படங்களை ஏந்தி நின்ற தாய்மாரும் எம்மிடையே தான் இருக்கிறார்கள். பிள்ளை எங்கே என்று தெரியாத வேதனை எத்தகையது என்பதையும் நாம் அறிவோம்.

ஆகவே ஒரு குடும்ப ஒழுங்கு வேண்டும். இடங்காட்டுவதைப் பிள்ளையே தொடக்கவேண்டும், பிள்ளையே நிறுத்தவேண்டும். வீட்டில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் பார்க்கலாம். போய்ச் சேர்ந்ததும் முடிந்தது. "ஏன் அந்தக் கடையடியில் பத்து நிமிடம் நின்றாய்?" என்று இரவுச் சாப்பாட்டின்போது விசாரணை வைத்தால், அடுத்த நாள் பிள்ளை அதை நிறுத்திவிடும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளை அடக்கி வைக்கும் கயிறாக இது மாறக்கூடாது.

வெளியாரிடத்தும் அவதானம் தேவை. ஓடிய பாதையை உலகம் முழுவதற்கும் காட்டும் செயலிகள் உண்டு. ஸ்ராவா வெளியிட்ட வரைபடமொன்றில் இராணுவ முகாம்களின் பாதைகள்கூடத் தெரிந்துவிட்டதாக 2018 ஜனவரியில் உலகெங்கும் பேச்சு எழுந்தது. உங்கள் வீடு எது, சைக்கிள் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குத் தனியே போகிறீர்கள் என்பதை அந்நியர் அறியத் தேவையில்லை. தொடங்கும், முடியும் இடங்களை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

999 ஐ அழைப்பது எப்படி?

லண்டனில் 1937 இல் தொடங்கிய இந்த இலக்கத்தை அழைக்கக் காசு இல்லை. தொலைபேசியில் மிச்சப்பணம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். உங்கள் நிறுவனத்தின் சேவை கிடைக்காவிட்டால் வேறொரு நிறுவனத்தின் சேவையினூடாக அழைப்புச் செல்லும். ஆனால் இந்நாட்டில் சிம் அட்டை இல்லாத தொலைபேசியிலிருந்து 999 ஐ அழைக்க முடியாது. ஆகவே சிம் இல்லாத பழைய தொலைபேசியைக் கொடுத்தனுப்பாதீர்கள்.

ஆங்கிலம் வராது என்று தயங்கவேண்டாம். முதலில் "அம்புலன்ஸ்" என்று சொல்லுங்கள். பின்னர் "தமிழ்" என்று சொல்லுங்கள். தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் ஏற்பாடு உண்டு. 2014 இல் இந்நாட்டில் உருவாகிய ஒரு முறையின்படி, இன்றைய தொலைபேசிகள் 999 அழைப்பின்போது நிற்கும் இடத்தைத் தாமாகவே அவசர சேவைக்கு அனுப்புகின்றன. ஆயினும் வாயாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். றோட்டின் பெயர், பஸ் தரிப்பின் பெயரும் எழுத்தும், விளக்குக் கம்பத்திலுள்ள இலக்கம், அருகிலுள்ள கடையின் பெயர் ஆகியவற்றில் எது கண்ணிற்பட்டாலும் சொல்லுங்கள்.

பேச்சு எட்டாத இடத்தில் குறுஞ்செய்தி எட்டக்கூடும். "ரெஜிஸ்ரர்" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் 999 க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு "யெஸ்" என்று அனுப்பினால், அதன்பின் அவசர வேளையில் செய்தி மூலமும் உதவி கேட்கலாம். செவிப்புலன், பேச்சுக் குறைபாடு உடையோருக்காக வந்த வசதி இது. இன்றே பதிந்து வையுங்கள். விழுந்த பின் பதிய நேரமிராது.

வைத்தியசாலைச் செலவுக்கு அஞ்சியும் அழைக்காமல் இருக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் எவருக்கும் கட்டணம் இல்லை. அகதி அந்தஸ்துப் பெற்றோருக்கும், விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளோருக்கும் அதற்குப் பின்னரான என்.எச்.எஸ். வைத்தியசாலைச் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை.

புள்ளி நின்றால் வீட்டில் என்ன செய்வது?

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் காவல் ஆகாது. எப்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். எம் வீட்டில் வைத்திருக்கும் ஒழுங்கு இது:

1. புறப்படும்போது மூன்று விடயம் சொல்லவேண்டும்: எந்தப் பாதை, எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவது.

2. பாதை மாறினாலோ, ரயரில் காற்றுப் போனாலோ, ஒரு வரி அனுப்பவேண்டும்.

3. சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தினால் வீட்டிலிருந்து அழைப்போம். பதில் இல்லையெனில் பத்து நிமிடத்தில் மீண்டும் அழைப்போம்.

4. அதற்கும் பதில் இல்லையெனில் ஒருவர் கடைசிப் புள்ளியை நோக்கிப் போவார். மற்றவர் வீட்டில் தொலைபேசியடியில் இருப்பார்.

5. ஆபத்து என்று மனம் சொன்னால் உடனே 999. அவசரமில்லையெனில் பொலிசின் 101. ஆளைக் காணவில்லை என்று முறையிட 24 மணித்தியாலம் பொறுக்கவேண்டும் என்பது வெறுங்கதை. அப்படியொரு விதி இங்கு இல்லை.

இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் பூட்டுவது சட்டம். தலைக்கவசம் சட்டமல்ல, ஆயினும் தலை ஒன்றுதான். 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட வீதி விதிக்கோவை, 30 மைல் வேகம் வரை செல்லும் கார்கள் சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்கிறது. ஆகவே பயந்து றோட்டின் ஓரக் கல்லை உரசிக்கொண்டு ஓடத் தேவையில்லை.

இந்த வாரம் ஒரு மாலை, தேநீர் குடித்து முடிந்ததும் குடும்பமாக இருந்து பிள்ளையின் தொலைபேசியில் இவற்றைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் பிள்ளைகளே எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். புதிதாக வந்து சேர்ந்த பக்கத்து வீட்டாருக்கும் காட்டிக் கொடுங்கள். இங்கு அந்தச் சந்தி இல்லை. எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள்தான் சந்தி.